அவசரச் சட்டமும் இசைவின் இலக்கணமும்

2013 மார்ச் 19 அன்று மக்களவை குற்றவியல் சட்டத் திருத்த மசோதாவை ஒரே நாளில் விவாதித்து நிறைவேற்றியது. மாநிலங்களவை மார்ச் 21 அன்று அதனை ஏற்றது. இவ்வளவு விரைவுக்குக் காரணம் நாட்காட்டியில் இருந்தது. பிப்ரவரி 3 அன்று குடியரசுத் தலைவர் பிறப்பித்த அவசரச் சட்டம், நாடாளுமன்றம் கூடிய ஆறு வாரங்களில், அதாவது ஏப்ரல் தொடக்கத்தில், காலாவதியாக இருந்தது. நிதிநிலைக் கூட்டத்தொடரின் இடைவேளை அதற்கு முன்பே குறுக்கிட்டது. பாலியல் குற்றங்கள் பற்றிய இந்தியச் சட்டத்தை அதுவரை இல்லாத அளவுக்கு மாற்றிய ஒரு சட்டம் இந்தச் சிறு இடைவெளிக்குள் அவைகளைக் கடந்தது.

பின்னணி அனைவரும் அறிந்ததே. 2012 டிசம்பர் 16 அன்று டெல்லியில் ஓடும் பேருந்தில் நடந்த கொடுமையும், அதனைத் தொடர்ந்த போராட்டங்களும் அரசைச் செயல்பட வைத்தன. நீதிபதி ஜே.எஸ். வர்மா தலைமையில், லீலா சேத், கோபால் சுப்பிரமணியம் ஆகியோரைக் கொண்டு டிசம்பர் 23 அன்று அமைக்கப்பட்ட குழு, ஏறத்தாழ 80,000 கருத்துரைகளைப் பெற்று, ஒரே மாதத்தில், ஜனவரி 23 அன்று அறிக்கை அளித்தது. மரண தண்டனை வேண்டாம், இசைவு வயது 16 ஆக நீடிக்கட்டும், கணவனுக்கு அளிக்கப்பட்ட விதிவிலக்கு நீங்கட்டும் என அது பரிந்துரைத்தது. பதினோரு நாட்களுக்குப் பின் வந்த அவசரச் சட்டத்தில் மரண தண்டனை இருந்தது. இசைவு வயது 18 ஆனது. கணவனுக்கான விதிவிலக்கு நீடித்தது. ஆகவே விரைவை மட்டும் குறை கூறுவது பொருந்தாது. குழுவும் விரைந்தே பணியாற்றியது. எனினும் கடினமான கேள்விகளை அது தவிர்க்கவில்லை.

மார்ச் மாதத்தில் அரசியல் வெளியை நிறைத்தது ஓர் எண். அமைச்சரவை மார்ச் 14 அன்று ஒப்புதல் அளித்த மசோதாவில் இசைவு வயது 16 என்றிருந்தது. மார்ச் 18 அன்று கூடிய அனைத்துக் கட்சிக் கூட்டத்தில் எதிர்ப்பு எழவே அது மீண்டும் 18 ஆயிற்று. 2012இல் இயற்றப்பட்ட போக்சோ சட்டம் ஏற்கெனவே 18 என வகுத்திருந்தது என்பது ஒரு வாதம். பண்பாடு சீரழியும் என்பது இன்னொரு வாதம். மக்களவை விவாதத்தில் பின்தொடர்தலைக் குற்றமாக்கும் பிரிவு வந்தபோது, தம்முள் பெண்களைப் பின்தொடராதவர் யார் என்று கேட்டார் மூத்த உறுப்பினர் சரத் யாதவ். பெண்ணின் மறுப்பைக் காதலின் முதற்படியாகக் கருதும் பழக்கம் அந்த ஒரு கேள்வியில் வெளிப்பட்டது. முதல் முறை செய்யும் பின்தொடர்தல் பிணையில் விடத்தக்க குற்றமாகவே சட்டத்தில் இடம்பெற்றது.

எண்ணைச் சுற்றிய இத்தகைய விவாதம் இந்தியாவுக்குப் புதிதன்று. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் இசைவு வயதை 10 என வைத்தது. கல்கத்தாவில் சிறுவயது மனைவி ஒருத்தி கணவனின் செயலால் உயிரிழந்தாள். சட்டம் வகுத்த வயதை அவள் கடந்திருந்ததால் கணவன் மீது வல்லுறவுக் குற்றம் நிற்கவில்லை. 1891 ஜனவரி 9 அன்று ஆண்ட்ரூ ஸ்கோபிள் அறிமுகப்படுத்திய மசோதா, மணமானவர், ஆகாதவர் இருவருக்கும் வயதை 12 ஆக உயர்த்தியது. திலகர் எதிர்த்தார், கல்கத்தா மைதானத்தில் பெருங்கூட்டம் திரண்டது, சட்ட மன்றத்திற்குள் ரமேஷ் சந்திர மித்தர் மாறுபட்டார். எதிர்த்தோர் சாத்திரங்களையும் ஆதரித்தோர் மருத்துவச் சான்றுகளையும் அடுக்கினர். உடல் எப்போது தாங்கும் என்பதே இரு தரப்பின் கேள்வி. அப்பெண் விரும்புகிறாளா என்ற கேள்வி மன்றத்தில் முதன்மை பெறவில்லை. அச்சட்டம் நிறைவேறியதும் ஒரு மார்ச் 19 அன்றுதான்.

விருப்பம் பற்றிய கேள்வி நீதிமன்றத்தின் வழியாகவே நாடாளுமன்றத்தை அடைந்தது. தண்டனைச் சட்டத்தின் 375ஆம் பிரிவு, ‘விருப்பத்திற்கு மாறாக’ என்பதையும் ‘இசைவின்றி’ என்பதையும் தனித்தனிக் கூறுகளாக வைத்திருந்தது. ஆனால் இசைவு என்றால் என்ன என்று அது சொல்லவில்லை. 90ஆம் பிரிவு, அச்சத்தாலோ தவறான எண்ணத்தாலோ பெறப்பட்டது இசைவாகாது என எதிர்மறையில் மட்டுமே பேசியது. இந்த வெற்றிடத்தை நீதிபதிகள் தம் ஊகங்களால் நிரப்பினர். 1972இல் மகாராஷ்டிராவின் காவல் நிலையம் ஒன்றில் பழங்குடிச் சிறுமி ஒருத்திக்கு நேர்ந்த கொடுமை தொடர்பான வழக்கில், அச்சத்தால் பணிவது வேறு, இசைவது வேறு என்று உயர் நீதிமன்றம் கண்டது. 1978இல் உச்ச நீதிமன்றம், உடலில் காயமில்லை, கூக்குரல் எழவில்லை எனக் கூறிக் காவலர்களை விடுவித்தது. அடுத்த ஆண்டு உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் ஆகிய நால்வர் தலைமை நீதிபதிக்கு எழுதிய திறந்த மடல் நாடெங்கும் இயக்கமாக விரிந்தது. 1983இல் வந்த திருத்தம், காவலில் நடக்கும் வல்லுறவு வழக்குகளில், தான் இசையவில்லை எனப் பெண் கூறினால் நீதிமன்றம் அவ்வாறே அனுமானிக்க வேண்டும் என்றது. அப்போதும் இசைவுக்கு வரையறை கிட்டவில்லை.

அந்த வரையறையைத் தந்தது 2013ஆம் ஆண்டுச் சட்டமே. இது அச்சட்டத்தின் பெருமை. 375ஆம் பிரிவின் இரண்டாம் விளக்கம், இசைவு என்பது ஐயத்திற்கிடமற்ற, தன்னார்வமான உடன்பாடு என்கிறது. பெண் அதனைச் சொல்லாலோ சைகையாலோ வேறெவ்வகை வெளிப்பாட்டாலோ தெரிவித்திருக்க வேண்டும் என்கிறது. குறிப்பிட்ட அச்செயலுக்கு அவள் உடன்பட்டிருக்க வேண்டும் என்கிறது. உடலால் எதிர்க்கவில்லை என்ற காரணத்தால் மட்டும் இசைந்தாள் எனக் கொள்ளலாகாது என்ற வரி, 1978ஆம் ஆண்டுத் தீர்ப்புக்கு நாடாளுமன்றம் அளித்த மறுமொழியாகவே ஒலிக்கிறது. இவ்வரையறையில் இசைவு ஒரு நிலை அன்று. ஒவ்வொரு முறையும் புதிதாக நிகழ வேண்டிய ஒரு வினை.

அதே பிரிவின் முடிவில் இரண்டாம் விதிவிலக்கு நிற்கிறது: 15 வயதுக்குக் குறையாத தன் மனைவியுடன் கணவன் கொள்ளும் உறவு வல்லுறவாகாது. மணநாளில் ஒரு முறை நிகழ்ந்த இசைவு வாழ்நாள் முழுதும் செல்லும் என்ற, பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் மேத்யூ ஹேல் வகுத்த கோட்பாடே இதன் வேர். இங்கிலாந்து 1991இல் அதனைக் கைவிட்டுவிட்டது. இங்கோ, ஒவ்வொரு செயலுக்கும் தனி இசைவு வேண்டும் என்ற வாக்கியமும், மனைவியின் இசைவைக் கேட்கவே தேவையில்லை என்ற வாக்கியமும் ஒரே பிரிவுக்குள் அமர்ந்தன. விளைவு விந்தையானது. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மணமாகாத 16 வயதுப் பெண்ணின் இசைவு செல்லாது. மணமான 16 வயதுப் பெண்ணின் மறுப்பு செல்லாது.

இம்முரண் எவர் கண்ணிலும் படாமல் போகவில்லை. மசோதாவை ஆராய்ந்த உள்துறை நிலைக்குழு, இவ்விதிவிலக்கை நீக்கினால் குடும்ப அமைப்பு நெருக்கடிக்கு உள்ளாகும் எனத் தன் அறிக்கையில் எழுதியது. இடதுசாரி உறுப்பினர்கள் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்தனர். ஆயினும் காலாவதி நாள் நெருங்க நெருங்க, கட்சிகள் எளிதில் உடன்படத்தக்கவை முன்னுக்கு வந்தன. வயதை எண்ணலாம், தண்டனை ஆண்டுகளையும் எண்ணலாம். மனைவியின் மறுப்புக்கு மதிப்புண்டா என்பதை எண்ணித் தீர்க்க இயலாது. பேசித்தான் தீர்க்க வேண்டும். பேசுவதற்கு நாட்கள் இல்லை என்பது, பேச விரும்பாதோர்க்கு வசதியாகவும் அமைந்தது.

பேசாமல் விட்டவை நீதிமன்றங்களின் வாயிலுக்கு வந்து சேர்ந்தன. பதின்வயதினரின் காதல் உறவுகள் போக்சோ வழக்குகளாக மாறுவதைக் கண்ட சென்னை உயர் நீதிமன்றம், 2019இல் 16 வயதை மறுபரிசீலிக்கலாம் என்றது. 2021இல், அத்தகைய இளைஞர்களைத் தண்டிப்பது அச்சட்டத்தின் நோக்கமன்று என்றது. 2017இல் உச்ச நீதிமன்றம் மனைவியின் வயதை 15இலிருந்து 18க்கு உயர்த்தி முரணின் ஒரு பாதியைக் களைந்தது. மறுபாதி குறித்து 2022 மே மாதத்தில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் இருவேறு தீர்ப்புகளை எழுதினர்.

தண்டனைச் சட்டத்தையே மாற்றி எழுதும் வாய்ப்பு 2023இல் வந்தது. பாரதிய நியாய சன்ஹிதாவின் திருத்திய மசோதா டிசம்பர் 12 அன்று அறிமுகமாகி, டிசம்பர் 20 அன்று மக்களவையிலும் மறுநாள் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. எதிர்க்கட்சி உறுப்பினர்கள் 140க்கும் மேற்பட்டோர் அந்நாட்களில் இடைநீக்கத்தில் இருந்தனர். புதிய சட்டத்தின் 63ஆம் பிரிவில் இசைவின் வரையறையும் உள்ளது. வயது 18 ஆக மாறிய அதே விதிவிலக்கும் உள்ளது. 1891இல் எதிர்ப்புக் குரல்களுக்கு நடுவே அந்நிய அரசின் நியமன மன்றம் ஒரு மசோதாவுக்கு எடுத்துக்கொண்டது 69 நாட்கள்.

2024 அக்டோபரில் ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரம், இவ்விதிவிலக்கு பற்றி முடிவெடுப்பது நாடாளுமன்றத்தின் பொறுப்பு என்றது. கொள்கையளவில் அது ஏற்கத்தக்கதே. ஆனால் அந்தப் பொறுப்பு இரு முறை நாடாளுமன்றத்தின் கைக்கு வந்தது. இரு முறையும் விதிவிலக்கு மட்டும் இடம் மாறாமல் அடுத்த சட்டத்திற்குள் சென்றது.