மேரி மாலனும் அமைதியான செல்களும்

1908ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை பால் எர்லிக்குடன் பகிர்ந்துகொண்டவர் ருஷ்ய அறிஞர் இலியா மெச்னிகோவ். 1882இல் இத்தாலியின் மெஸ்ஸினா நகரில், நட்சத்திர மீனின் இளம்புழுவுக்குள் முள்ளொன்றைச் செருகி வைத்தார். மறுநாள் காலை நுண்ணோக்கியில் பார்த்தபோது, நகரும் செல்கள் அம்முள்ளைச் சூழ்ந்து நின்றன. உடலுக்குள் நுழையும் பகையை விழுங்கும் காவற்படை ஒன்று நமக்குள் உண்டு என்னும் கருத்து அங்கே பிறந்தது. அப்படையின் பெரிய செல்களுக்கு ‘மேக்ரோஃபேஜ்’, அதாவது பெருந்தின்னி, என்று அவரே பெயரிட்டார்.

அதே 1908இல், நியூயார்க்கின் நார்த் பிரதர் தீவில் மேரி மாலன் என்னும் சமையற்காரர் அடைபட்டிருந்தார். 1869இல் அயர்லாந்தில் பிறந்தவர். 1906 கோடையில் அவர் சமைத்த வீட்டில் பதினொரு பேரில் ஆறு பேருக்கு டைஃபாய்டு கண்டது. துப்புத் துலக்க வந்த ஜார்ஜ் சோப்பர், அவர் முன்பு வேலை பார்த்த வீடுகள் பலவற்றிலும் அதே காய்ச்சல் வந்து போயிருந்ததைக் கண்டறிந்தார். 1907இல் மேரி பிடிக்கப்பட்டார். பரிசோதனையில் கிருமி இருந்தது. உடலில் நோய் இல்லை. “எனக்குக் காய்ச்சலே வந்ததில்லை” என்பதே அவர் வாதம். 1909இல் நீதிமன்றத்தை நாடியும் பயனில்லை.

இனிச் சமைப்பதில்லை என்ற உறுதிமொழியின்பேரில் 1910இல் விடுவிக்கப்பட்டார். சலவை வேலையில் கூலி குறைவு. மீண்டும் வேறு பெயரில் அடுப்படிக்குத் திரும்பினார். 1915இல் ஒரு மகப்பேறு மருத்துவமனையில் 25 பேர் நோயுற்றனர், இருவர் மாண்டனர். மேரி மறுபடியும் தீவுக்கு அனுப்பப்பட்டு, 1938இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார்.

இக்கதையை ஒரு பிடிவாதக்காரியின் கதையாகவே நாம் கேட்டும் சொல்லியும் வந்திருக்கிறோம். அதை வேறு விதமாகவும் வாசிக்கலாம் என்று தோன்றுகிறது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டெனிஸ் மோனாக் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வு, மெச்னிகோவ் பெயரிட்ட அதே செல்லுக்குள் சால்மொனெல்லா நெடுநாள் குடியிருப்பதை ஆராய்ந்தது. மேக்ரோஃபேஜுக்கு இருவேறு இயல்புகள் உண்டு. ஒன்று, சர்க்கரையை எரித்துச் சீறிப் போரிடுவது. அழற்சியும் காய்ச்சலும் அதன் விளைவுகள். மற்றொன்று, கொழுப்பை எரித்து, தணிந்து, புண்ணை ஆற்றுவது. சுண்டெலிகளில் நாட்பட்ட தொற்றின்போது கிருமி இரண்டாவது வகையையே நாடித் தங்கியது. பிபிஏஆர் டெல்டா என்னும் புரதத்தின் வழியே செல் கொழுப்பை எரிக்க, மிச்சமாகும் சர்க்கரை கிருமிக்கு உணவாகிறது. அப்புரதம் இல்லாத சுண்டெலிகளில் கிருமியால் நிலைத்திருக்க இயலவில்லை. விழுங்க வந்த காவலன், விருந்தோம்புபவனாகிவிடுகிறான்.

சுண்டெலியில் கண்டதை அப்படியே மேரியின் உடலுக்குப் பொருத்திவிட முடியாது. பித்தப்பையும் இக்கிருமியின் மறைவிடம் என்பது தெரிந்ததே. ஆயினும் ஒன்று விளங்குகிறது: நோயை நமக்கு அறிவிப்பது கிருமியன்று, அதை எதிர்த்துச் சீறும் நம் செல்கள். அவை அமைதி காத்தால், குடியிருப்பவனைப் பற்றி வீட்டுக்காரருக்கே தெரியாது.

1915இல் இறந்த இருவருக்கும் இவ்விளக்கம் ஆறுதலாகாது. எச்சரிக்கப்பட்ட பின்னரே மேரி சமைத்தார். ஆனால் நோயின்றி நோய் சுமந்தோர் நூற்றுக்கணக்கில் அந்நகரிலேயே பின்னர் கண்டறியப்பட்டனர்; அவரளவுக்கு எவரும் சிறைப்படவில்லை. பிற்காலத்தில் தீவின் ஆய்வுக்கூடத்திலேயே அவர் உதவியாளராக வேலை பார்த்தார். தமக்குக் காய்ச்சல் வந்ததில்லை என்று அவர் சொன்னது, அவர் அறிந்தவரையில், உண்மையாகவே இருக்கலாம்.