பரோலில் வந்துபோன பேத்தி

போன வருஷம் தை மாசம், திருச்செங்கோட்டு வீட்டில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். சேலத்தில் ஆபரேஷன். அன்று ராத்திரியே டெக்சாஸில் இருந்து அக்கா மகள் கூப்பிட்டாள். "மாமா, டிக்கெட் பார்த்துட்டேன். நாளைக்குக் கிளம்பறேன்."

அவளை வளர்த்ததே அம்மாதான். கிளம்பாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் சொன்னேன். "பொறு கண்ணு, உன் ஐ-485 என்ன நிலைமைல இருக்கு?"

படிக்கப் போனவள், அங்கேயே பிறந்து வளர்ந்த ஈரோட்டுக் குடும்பத்துப் பையனைக் கல்யாணம் பண்ணிக்கொண்டாள். பையன் அமெரிக்கக் குடிமகன். அந்தக் கல்யாணத்தை வைத்துப் போட்ட கிரீன் கார்டு விண்ணப்பம்தான் ஐ-485. அது நிலுவையில் இருக்கும்போது முன் அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு வெளியே போனால், விண்ணப்பத்தையே கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். பிறகு மும்பை தூதரகம் வழியாக முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். எச்-1பி, எல்-1 விசாக்காரர்களுக்கு 1999-இல் விலக்கு கொடுத்தார்கள். மாணவர் விசாவில் இருந்தவளுக்கு அது கிடையாது. அனுமதிக்கு ஐ-131 என்ற இன்னொரு படிவம் உண்டு. இப்போதைக்கு எங்கேயும் போகவில்லையே என்று அதை அவள் போடாமலே விட்டிருந்தாள்.

அந்த அனுமதிக்குப் பெயர் அட்வான்ஸ் பரோல். வார்டில் உட்கார்ந்து அம்மாவுக்கு இதை விளக்கப் போய் மாட்டிக்கொண்டேன். "பரோலா? அது ஜெயில்ல இருக்கறவங்களுக்குத்தானேடா குடுப்பாங்க? அவ என்ன தப்புப் பண்ணினா?"

நியாயமான கேள்வி. ஆஸ்பத்திரியில் காத்திருந்த நாட்களில் நான் தேடிப் படித்ததெல்லாம் இந்தக் கேள்விக்குப் பதில்தான்.

பரோல் என்பது பிரெஞ்சு மொழியில் பேச்சு, கொடுத்த வாக்கு. திரும்ப ஆயுதம் எடுக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்த போர்க்கைதியை விடுவிக்கும் வழக்கத்தில் இருந்து வந்த சொல். 1952-ஆம் வருஷத்து அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் அதை எடுத்துக்கொண்டது. விசா இல்லாத ஒருவரையும் அவசரக் காரணத்துக்காகத் தற்காலிகமாக உள்ளே விடலாம், ஆனால் அவர் 'அனுமதிக்கப்பட்டவர்' ஆகமாட்டார். 1956 ஹங்கேரி எழுச்சி நசுக்கப்பட்டபோது தப்பி வந்தவர்களில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்த வழியாகத்தான் அமெரிக்காவுக்குள் வந்தார்கள்.

உள்ளேயே இருந்துகொண்டு நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமை கேட்கும் வழியும் அதே 1952 சட்டத்தில் வந்ததுதான். அதற்கு முன்னால், 1935 முதல், ஒரு விசித்திரமான ஏற்பாடு இருந்தது. அமெரிக்காவில் இருப்பவர் கனடாவுக்குப் போய், அங்கே உள்ள அமெரிக்கத் தூதரகத்தில் விசா வாங்கிக்கொண்டு, திரும்ப எல்லை தாண்டி வர வேண்டும். காகிதத்தைச் சரிசெய்ய ஆளை ஒரு சுற்று சுற்றவிட்டார்கள். (எங்கள் சாஃப்ட்வேர் ஆட்கள் ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள் என்பது போல.)

இதில் என்னைப் பிடித்து நிறுத்தியது 1958-இல் வந்த ஒரு உச்சநீதிமன்றத் தீர்ப்பு. லெங் மே மா என்ற சீனப் பெண் 1951-இல் வந்து இறங்கினார். முதலில் காவலில் வைத்தார்கள், அடுத்த வருஷம் பரோலில் விட்டார்கள். அவர் அமெரிக்க மண்ணில் நடமாடினார். ஆனால் சட்டப்படி அவர் இன்னும் 'அமெரிக்காவுக்குள்' வரவே இல்லை, வாசலிலேயேதான் நிற்கிறார் என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். நம் வீடுகளில் நிலைப்படியில் நின்றால் "உள்ள வா, இல்ல வெளிய போ" என்று விரட்டுவார்கள். இங்கே ஒரு சட்டமே ஆளை நிலைப்படியில் நிறுத்தி வைத்திருக்கிறது.

இதே சொல் 2012-இல் தலைகீழாகத் திரும்பியது, அதுவும் ஒரு இந்தியத் தம்பதியின் வழக்கில். விசா காலம் முடிந்த பிறகும் ஒரு வருஷத்துக்கு மேல் தங்கிவிட்டு வெளியேறினால் பத்து வருஷம் திரும்ப முடியாது என்பது 1996-இல் கொண்டுவந்த சட்டம். கிரீன் கார்டுக்குக் காத்திருந்த அந்தத் தம்பதி, வயதான பெற்றோரைப் பார்க்க அட்வான்ஸ் பரோல் வாங்கி இந்தியா வந்து திரும்பினார்கள். வெளியே போனதால் பத்து வருஷத் தடை என்றது அரசு. அர்ரபல்லி–எர்ரபெல்லி வழக்கு என்று சொல்கிறார்கள். குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் கடைசியில் சொன்னது: பரோலில் போனவர் அந்தச் சட்டத்தின் பொருளில் 'வெளியேறியவர்' அல்ல. ஆக, பரோலில் உள்ளே வந்தவள் வரவில்லை, பரோலில் வெளியே போனவர்கள் போகவில்லை. இந்த இரண்டாவது பாதிக்காக நான் முதல் பாதியை மன்னித்துவிட்டேன்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதெல்லாம் புதுசும் இல்லை. மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் போன முக்கியமான ஜில்லாக்களில் சேலமும் ஒன்று. ரஜுலா மாதிரிக் கப்பலில் நாகப்பட்டினத்தில் இருந்து பினாங்குக்குப் போனார்கள், வந்தார்கள். 1953 ஆகஸ்ட் முதல் அங்கே குடியேற்றக் கட்டுப்பாடு கடுமையானது. 1959-இல் இன்னொரு விதி: 1954 டிசம்பருக்குப் பிறகு தொடர்ந்து ஐந்து வருஷம் கணவனைப் பிரிந்து வேறு நாட்டில் இருந்த மனைவி உள்ளே வரமுடியாது, கணவன் அந்நாட்டுக் குடிமகனாகவே இருந்தாலும். மாமியாரைப் பார்த்துக்கொள்ள, காடுகரையைப் பார்க்க ஊரிலேயே இருந்துவிட்ட பெண்ணுக்கு அந்த ஐந்து வருஷம் எப்படிப் போயிருக்கும்? அவள் கையில் பரோல் மாதிரிகூட ஒரு தாள் இல்லை.

அக்கா மகள் அன்றைக்குக் கிளம்பவில்லை. ஆபரேஷனை வீடியோ காலில்தான் விசாரித்தாள். ஐ-131 போட்டு, அனுமதி கையில் கிடைத்து, ஆடிப் பதினெட்டுக்கு முதல் நாள் வந்து இறங்கினாள். அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரைக்கும் நடந்து வந்தார். பன்னிரண்டு நாள் இருந்தாள். அந்தத் தாள் இருந்தாலும் உள்ளே விடுவது விமான நிலைய அதிகாரியின் முடிவுதான் என்பதால், அவள் டல்லாஸில் இறங்கும் வரை நான் தூங்கவில்லை.

இறங்கியதும் பாஸ்போர்ட்டில் குத்திய முத்திரையைப் படம் எடுத்து அனுப்பினாள். 'பரோல்' என்றுதான் இருந்தது.

அம்மா கேட்டார், "என்னடா போட்டிருக்கு அதுல?"

"உள்ள வந்துட்டான்னு போட்டிருக்கும்மா" என்றேன்.