நடைமுறை மூலதனம்

ஒரு நிறுவனத்தின் நடப்புச் சொத்துகளிலிருந்து நடப்புப் பொறுப்புகளைக் கழித்தால் மிஞ்சும் தொகை. சரக்கிருப்பு, வரவேண்டிய பாக்கி, ரொக்கம் ஆகியவை முதல் வகை. கொடுக்கவேண்டிய பாக்கி, குறுகிய காலக் கடன் ஆகியவை இரண்டாம் வகை. இந்தியாவில் 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 3-ஆம் அட்டவணைப்படி, பொதுவாக 12 மாதங்களுக்குள் தீர்பவை இருப்புநிலைக் குறிப்பில் 'நடப்பு' எனத் தனியே காட்டப்படும்.

கோயம்புத்தூர் நூற்பாலை ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். பஞ்சுப் பருவம் அக்டோபரில் தொடங்கும். வரத்து மிகுந்திருக்கும்போதே பல மாதத் தேவைக்கான பேல்களை ஆலை வாங்கி அடுக்கும். ஆகவே மார்ச் 31 கணக்கில் கிடங்கும் நிறைந்திருக்கும், வங்கிக் கடனும் ஏறியிருக்கும். செப்டம்பரில் இரண்டும் வடிந்திருக்கும். ஒரு தேதியின் குறிப்பை மட்டும் வைத்து ஆலையை எடைபோடுவது பெரும் பிழை.

பஞ்சு வாங்குவதைப் போலன்றி, புதிய நூற்பு இயந்திரம் வாங்குவது முதலினச் செலவு. பலன் பல ஆண்டுகளில்தான் வரும், அதற்கு நீண்ட காலக் கடனே பொருந்தும். பஞ்சுக்கு வாங்கிய கடனை இயந்திரத்தில் முடக்கிய ஆலை, லாபத்தில் ஓடும்போதே கூலி கொடுக்கத் திணறும்.

நடைமுறை மூலதனக் கடனை வங்கிகள் அளப்பதற்கான முறையை, ரிசர்வ் வங்கி 1974-இல் அமைத்த டாண்டன் குழு வகுத்தது. கொடுக்கவேண்டிய பாக்கிக்கும் வரம்பு உண்டு: குறு, சிறு நிறுவனங்களுக்குரிய பாக்கியை அதிகபட்சம் 45 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி உண்டு.