2020 ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகக் கால்பந்து அணி

2020 ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகக் கால்பந்து அணி என்பது ஐக்கிய அமெரிக்காவின் கல்லூரி அமெரிக்கக் கால்பந்துப் போட்டிகளில் 2020 பருவத்தில் அப்பல்கலைக்கழகத்தின் சார்பில் விளையாடிய அணியாகும். இவ்வணி பக்கைஸ் எனவும் அழைக்கப்படுகிறது. ரயன் டே தலைமைப் பயிற்றுநராக இருந்தார். கோவிட்-19 பெருந்தொற்றினால் சுருங்கிய இப்பருவத்தில் அணி 8 ஆட்டங்களில் ஆடி 7 இல் வென்றது.

பின்னணி

அணி இடம்பெறும் பிக் டென் கூட்டமைப்பு, 2020 ஆகஸ்ட் 11 இல் இலையுதிர்காலப் போட்டிகளை ஒத்திவைத்தது. அம்முடிவை மாற்றக் கோரி அணி வீரர் ஜஸ்டின் பீல்ட்ஸ் தொடங்கிய இணைய மனுவில் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். வீரர்களுக்கு நாள்தோறும் தொற்றுச் சோதனை நடத்தும் ஏற்பாட்டுடன் போட்டிகளைத் தொடங்க, செப்டம்பர் 16 இல் கூட்டமைப்பு இசைந்தது.

ஆறு ஆட்ட விதி

தொற்றுப் பரவலால் மேரிலாந்து, இலினொய், மிச்சிகன் அணிகளுடனான ஆட்டங்கள் கைவிடப்பட்டன. மிச்சிகனுடனான ஆட்டம் 1918 முதல் ஆண்டுதோறும் தடையின்றி நடைபெற்று வந்ததாகும். எஞ்சிய 5 ஆட்டங்களிலும் அணி வென்றது. எனினும் கூட்டமைப்பின் இறுதியாட்டத்திற்குத் தகுதிபெறக் குறைந்தது 6 ஆட்டங்கள் ஆடியிருக்க வேண்டும் என்பது அப்பருவத்திற்கான விதியாகும். டிசம்பர் 9 இல் இவ்விதி நீக்கப்பட்டது. இதனால் ஒகையோவிடம் 42-35 எனத் தோற்றிருந்த இந்தியானா அணி இறுதியாட்ட வாய்ப்பை இழந்தது.

இறுதிக்கட்டம்

- டிசம்பர் 19: நார்த்வெஸ்டர்னை 22-10 என வென்று கூட்டமைப்பின் வாகையர் ஆனது. இவ்வாட்டத்தில் டிரே செர்மன் பந்துடன் 331 யார்டு ஓடிப் பல்கலைக்கழகச் சாதனை படைத்தார்.
- 2021 சனவரி 1: தேசிய அரையிறுதியில் கிளெம்சனை 49-28 என வென்றது.
- 2021 சனவரி 11: தேசிய இறுதியாட்டத்தில் அலபாமாவிடம் 52-24 எனத் தோற்றது.