கேபிள் போட்ட தெருவில் கண்ணாடி இழை

தமிழ்நாட்டுத் தெருக்களில் கண்ணாடி இழைவழி இணையம் வழங்கும் உள்ளூர் நிறுவனங்கள் பலவற்றின் தரம் கேபிள் தொலைக்காட்சித் தொழிலின் வரலாற்றோடு பிணைந்தது. 1991 வளைகுடாப் போரையொட்டிச் செயற்கைக்கோள் அலைவரிசைகள் இந்திய வீடுகளை எட்டத் தொடங்கியபோது, மொட்டை மாடியில் டிஷ் வைத்து, மின்கம்பம், மரக்கிளை, கைப்பிடிச்சுவர் என்று அகப்பட்டதையெல்லாம் பற்றிக்கொண்டு வீடுதோறும் கோஆக்சியல் கம்பி இழுத்தவர்கள் கேபிள்காரர்கள். 1995ஆம் ஆண்டுக் கேபிள் தொலைக்காட்சிச் சட்டம் அவர்களைப் பதிவுசெய்துகொள்ளப் பணித்தபோது, தெருக்கள் பெரும்பாலும் அவர்களுக்குள் பங்கிடப்பட்டிருந்தன.

அந்தக் கம்பிவலை மரத்தின் வடிவம் கொண்டது. நிகழ்ச்சிகளைத் திரட்டி அனுப்பும் ஹெட்எண்ட் அதன் வேராகவும் தெருக்கள் கிளைகளாகவும் அமைந்தன. வழியிலிருந்த ஆம்ப்ளிஃபையர்கள், அதாவது பெருக்கிகள், அலையோடு இரைச்சலையும் சேர்த்தே பெருக்கியதால் கடைசி வீட்டுத் திரையில் புள்ளிமழை பொழிந்தது.

1998இல் இணையச் சேவை தனியாருக்குத் திறக்கப்பட்டது. சொந்த உரிமம் இல்லாத கேபிள்காரர்களும் பின்னாளில் பொதுத்துறை நிறுவனமான ரயில்டெல்லின் ரயில்வயர் போன்ற இணையச் சேவைகளின் பங்காளிகளாக இத்தொழிலுக்குள் வந்தனர். 2003இல் தரப்படுத்தப்பட்ட ஜிபான் என்னும் முறையும், ஓர் இழையின் ஒளியை ஸ்பிளிட்டர் என்ற பிரிப்பானால் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பகிரும் மரமே என்பதால், பழைய தெருப்பாதை அதற்கு அப்படியே பொருந்தியது. இடைவழியில் மின்சாரம் தேவைப்படாதது பெரும் பேறு.

எனினும் ஒளியின் வரவுசெலவு கறாரானது. ஜிபான் கருவிகளில் பரவலாகப் பயன்படும் வகைக்கு அனுமதிக்கப்படும் மொத்த ஒளி இழப்பு 28 டெசிபல். அதில் 32 வழிப் பிரிப்பான் ஏறத்தாழ 17ஐயும், 20 கிலோமீட்டர் இழை ஏறத்தாழ 7ஐயும் விழுங்கிவிட, ஒட்டுகளுக்கும் இணைப்பான்களுக்கும் மிஞ்சுவது 4 மட்டுமே. இணைப்பான் முனையில் படிந்த தூசியும், வெயிலில் கிடக்கும் ஒட்டுப்பெட்டியும் அந்தச் சிறு மிச்சத்தைத் தின்றுவிடும். தொலைக்காட்சிப் படம் மங்கியாவது தெரிந்தது, இங்கோ வரம்பு கடந்தால் வீட்டுக் கருவியில் சிவப்பு விளக்குதான் எரியும். ஒளியைப் போல வேகமும் பகிரப்படுவதே: ஓர் இழை தரும் நொடிக்கு 2.5 கிகாபிட் வேகத்தை 32 வீடுகள் ஒரே நேரத்தில் முழுமையாகக் கோரினால் வீட்டுக்கு 78 மெகாபிட் அளவே கிட்டும் என்பது விளம்பரங்களில் இடம்பெறாத கணக்கு.

மரவடிவத்தின் பெருங்குறை, கிளை அறுந்தால் மாற்றுவழி இல்லாமை. உயரமான லாரி ஒன்று இழையை இழுத்துச் சென்றால் தெருவே துண்டிக்கப்படும். 2006இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த விதிகள், அகலக்கற்றைப் பழுதுகளில் 90 விழுக்காட்டுக்கு மேல் அடுத்த வேலைநாளுக்குள் சீராக்கப்பட வேண்டும் என்றன. அந்தக் கெடுவுக்குள் வேலையை முடிக்க உதவுவது பழைய அனுபவம்: அறுந்த இழையின் ஒட்டுப்பெட்டி எந்த வீட்டு மாடியில் இருக்கிறது என்பது பழைய கேபிள் ஆளுக்குத் தெரியும்.