தூய காற்று மண்டலக் கட்டணமும் வாகன வகைப்பாடும்

இங்கிலாந்து நகரங்களில் காற்று மாசைக் குறைக்க ஏற்படுத்தப்பட்ட தூய காற்று மண்டலங்களில், யார் எவ்வளவு கட்ட வேண்டும் என்பது வாகனத்தின் வகையையும் புகைத் தரத்தையும் பொறுத்தது. மண்டலங்கள் ஏ முதல் டி வரை நான்கு வகுப்புகள். ஏ-யில் பேருந்து, டாக்சி, வாடகை கார். பி-யில் அவற்றோடு லாரி. சி-யில் வேன், மினிபஸ். டி-யில் சொந்தக் காரும் சேரும். பொதுவாகப் பெட்ரோல் கார், வேன்கள் யூரோ 4, டீசல் வண்டிகள் யூரோ 6 தரத்தை எட்டியிருந்தால் கட்டணமில்லை.

2021 மார்ச்சில் தொடங்கிய பாத் நகர மண்டலம் சி வகுப்பு. அதே ஆண்டு ஜூனில் வந்த பர்மிங்காம் டி வகுப்பு. தரம் எட்டாத பழைய டீசல் வேன் பாத்துக்குள் நுழைந்தால் நாளுக்கு 9 பவுண்டு. அதே வயதுள்ள டீசல் காருக்கு ஒன்றுமில்லை. பர்மிங்காமில் இரண்டுக்கும் 8 பவுண்டு. லாரிக்கு முன்னதில் 100, பின்னதில் 50.

வண்டி காரா, வேனா என்பதில் சிக்கல் பெரும்பாலும் வாகனப் பதிவுச் சான்றிதழில்தான். அதன் ‘ஜே’ கட்டத்தில் எம்1 என்றால் பயணிகள் கார், என்1 என்றால் 3.5 டன் வரையிலான சரக்கு வண்டி. வேனைப் படுக்கை, அடுப்புடன் மாற்றியமைத்தவரும் பதிவைத் திருத்தாவிட்டால் சரக்கு வேனாகவே கணக்கிடப்படலாம். நுழைவாயில் கேமரா எண் பலகையை மட்டுமே படிக்கிறது. மற்றதெல்லாம் பதிவேடு சொல்வதுதான். ஆகவே பழைய வண்டி வாங்குவோர் விலை பேசும் முன் ‘ஜே’ கட்டத்தைப் பார்ப்பது மிக அவசியம்.