பதினேழு பேர்

போன எபிசோடுக்கு வந்த கேள்வி இது: "நாடு முதல்ல பணம் சம்பாதிக்கட்டும், அப்புறம் ஆஸ்பத்திரிக்குச் செலவு பண்ணலாமே?"

கொல்லிமலையில 14 நாடுகள் இருக்கு. அதுல ஒண்ணான பைல் நாட்டுல ஒரு வீட்டை நினைச்சுப் பாருங்க. ஒருத்தருக்குக் காய்ச்சல்னா ரெண்டு பேர் கூலி போகும்: படுத்தவருக்கும், கூட்டிக்கிட்டு மலை இறங்குறவருக்கும். பறிக்க வேண்டிய மிளகு கொடியிலேயே நிற்கும். இந்தக் கணக்கு ஒரு நாட்டு அளவுக்குப் பெருகினா என்ன ஆகும்? அதுக்குப் பக்கத்துல இலங்கையே சாட்சி.

1934-35ல அங்கே மலேரியாவுல சுமார் 80,000 பேர் செத்தாங்க. அனுராதபுரம், பொலன்னறுவைப் பக்கம் நிலமும் இருந்தது, பழைய குளங்களும் இருந்தது. காய்ச்சலுக்குப் பயந்து குடியேறத்தான் ஆள் குறைவு. 1940களின் பிற்பகுதியில அரசாங்கம் வீடு வீடா டிடிடி அடிச்சது. காய்ச்சல் இறங்கினதும் குடியேற்றத் திட்டங்கள் வேகம் பிடிச்சது, காடாக் கிடந்த மண் வயலாச்சு. மலேரியா அதிகமா இருந்த பகுதிகள்ல, அதுக்கப்புறம் வளர்ந்த பெண் பிள்ளைகள் கூடுதலாப் படிச்சாங்கன்னு பிற்கால ஆய்வு காட்டுது. அப்போ இலங்கை ஒண்ணும் பணக்கார நாடு இல்லை.

1963ல பதிவான மலேரியா நோயாளிகள் வெறும் 17 பேர். அடுத்த வருஷம் மருந்து அடிக்கிறதை நிறுத்தினாங்க, கண்காணிப்பும் தளர்ந்தது. 1969ல நோயாளிகள் எண்ணிக்கை 5 லட்சத்தைத் தாண்டிடுச்சு.

என் வேலையில இதை அடிக்கடி பார்ப்பேன். சர்வர் ஒரு வருஷம் விழாம ஓடினா, "பராமரிப்பு டீம் எதுக்கு?"ன்னு யாராவது கேட்பாங்க. அவங்க வேலையைச் சரியாச் செஞ்சதாலதான் அந்தக் கேள்வியே வருது.

இலங்கை மறுபடியும் செலவு பண்ணுச்சு. உள்நாட்டுப் போர் நடந்த வருஷங்கள்லகூட மலேரியா ஒழிப்பு வேலை நிக்கலை. உள்ளூர்ல பரவின கடைசி நோயாளி 2012ல. 2016ல மலேரியா இல்லாத நாடுன்னு உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. கொசு இன்னும் இருக்கு, அதனால கண்காணிப்பும் இருக்கு.

இந்தியாவோட 2017 சுகாதாரக் கொள்கை, 2025க்குள்ள அரசாங்கத்தோட சுகாதாரச் செலவை ஜிடிபியில 2.5 சதவீதமாக்கணும்னு சொல்லுது. 2021-22 கணக்குல அது 1.84 சதவீதம். மீதியை யார் கட்டுறாங்க? மிளகை விட்டுட்டு மலை இறங்குற அந்த ரெண்டு பேர்தான்.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.